மினி பஸ் வந்த கிழமையும் முப்பத்தெட்டுப் பெயர்களும்

என் டைரியில், ஆவணி மாதத்துப் பக்கம் ஒன்றில், "கள்ளிக்குப்பத்துக்கு மினி பஸ் முதன்முதலில் வந்தது" என்ற வரிக்குப் பக்கத்தில் காகிதம் ஓட்டையாக இருக்கிறது. பிளேடால் சுரண்டியது நான்தான். அந்த ஓட்டை வழியாகத்தான் என் தங்கையின் கல்யாணப் பத்திரிகை காணாமல் போனது.

எதையும் தேதியிட்டுப் பதிவுசெய்யும் வியாதி எனக்கு அப்போதே உண்டு. (இன்னும் குணமாகவில்லை.) பத்திரிகையில் பெரியப்பா பெயர் முதலிலா, தாய்மாமா பெயர் முதலிலா என்று வீட்டில் நான்கு ஞாயிறுகள் பேச்சுவார்த்தை நடந்தது. நடுவில் ஒரு வரைவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கசிய, குழுவிலிருந்து வெளியேறிய பெரியப்பா கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்றார். ஐந்தாம் ஞாயிறு, எப்படியோ, முப்பத்தெட்டுப் பெயர்களும் வரிசையாக முடிவாயின.

"அச்சுக்குப் போறவரைக்கும் யார் கண்ணுலயும் படக்கூடாது" என்றார் அப்பா.

போதாதா எனக்கு? பட்டியலை, சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி, மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்து எனக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டேன். தாளைச் சுக்குநூறாகக் கிழித்தேன். அந்த மின்னஞ்சலைத் திறக்கும் ரகசியச் சாவி ஒரு கோப்பு. மூன்று பென் டிரைவில் நகலெடுத்து, தேதி ஒட்டினேன். அந்தச் சாவிக்கே ஒரு நீண்ட கடவுத்தொடர், அதாவது வாக்கியம் அளவுக்கு நீளமான பாஸ்வேர்டு, வேண்டும். அதை எங்கும் எழுதி வைக்கக் கூடாது என்று படித்திருந்தேன். ஆகவே, ஏற்கெனவே எழுதியிருந்த மினி பஸ் வரியையே கடவுத்தொடராக வைத்தேன், கிழமை, மணி, நிமிடம், வானிலையோடு. (என்னே மதிநுட்பம்!)

அடுத்த வாரம், அந்தப் பஸ்ஸின் பழைய கண்டக்டரைச் சந்தித்தேன். நான் எழுதியிருந்தது எல்லாமே தப்பு என்றார். சரித்திரத்தில் பிழை இருக்கலாமா? வீட்டுக்கு வந்ததும் வொயிட்னர் பூசி, வியாழக்கிழமை, தூறல் என்று திருத்தினேன். நிம்மதியாக இருந்தது.

பூந்தமல்லியில் அச்சகம் வைத்திருக்கும் பஷீர் பாய் முன் லேப்டாப்பைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. திருத்திய வரலாறு எந்தப் பூட்டையும் திறக்கவில்லை.

"ஃபர்காட் பாஸ்வேர்டு அமுக்கு நைனா."

"இதுல அது கிடையாது பாய்."

"பேங்க்லயே கீது. உன் ஊட்டுப் பத்திரிகைக்கு இல்லியா?"

டைரியை எடுத்துச் சுரண்டினேன். வொயிட்னர் போனது; கூடவே காகிதமும். ஏழு கிழமைகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்; முதலில் எழுதிய மணியும் நிமிடமும் நினைவுக்கு வரவில்லை என்று பாயிடம் சொன்னேன்.

"பஸ்ஸு வந்த நிமிசமா?" என்றார் பாய். "எந்த மனுசன் அத்த எழுதி வெப்பான்? மெஷினு நின்னுகினு கீது, சீக்கிரம்பா."

வேறு வழியில்லாமல் அப்பாவுக்கு போன் செய்தேன்.

"மூணு சாவி வெச்சிருக்கியே, ஒண்ணாவது திறக்காதா?"

"மூணும் ஒரே சாவிதாம்ப்பா."

"அப்புறம் எதுக்குடா மூணு?"

போனை வைத்துவிட்டு லேப்டாப்பை மூடினேன்.

ஆறாம் ஞாயிறு சொந்தக்காரர்கள் மறுபடியும் வீட்டில் கூடினார்கள். ஒப்புக்கொண்ட வரிசை தன் பெயரில்தான் தொடங்கியது என்று பெரியப்பாவும் மாமாவும் தனித்தனியே சத்தியம் செய்தார்கள். தங்கை எழுந்தாள். "பொண்ணு, மாப்பிள்ளை, அப்பா அம்மா பேர் மட்டும் போதும். மீதிப் பேரெல்லாம் அண்ணன்கிட்ட பத்திரமா பூட்டிக் கெடக்கட்டும்." முப்பத்தெட்டுப் பேரும் அந்த நொடியில் ஒற்றுமையானார்கள், எனக்கு எதிராக. கல்யாணத்தில் பெரியப்பாவும் மாமாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முகூர்த்தம் முடியும்வரை என்னைத் திட்டினார்கள்.

இப்போது என் கடவுத்தொடர் சீலிட்ட உறையில் பீரோவுக்குள் இருக்கிறது. பீரோ சாவி என் மனைவியிடம். வீட்டில் எது தொலைந்தாலும், "அவன் டைரி ஓட்டை வழியா எட்டிப் பாரு" என்பது குடும்ப வழக்கமாகிவிட்டது.

பிறகு விசாரித்ததில், கண்டக்டரின் மனைவி அது வியாழன் அல்ல, சனிக்கிழமை என்கிறார். மினி பஸ் முதன்முதலில் வந்த கிழமை இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.