நான்காவது பந்தெலிஸுக்குத் தீயணைப்பு வண்டி கிடையாது

மெல்போர்ன் மாநகரில் டிராம் ஓட்டும் பெருமதிப்பிற்குரிய பந்தெலிஸ் மாமாவுக்கு,

அர்மிரோ தீவிலிருந்து தங்கை மகள் ஃபோதினி பணிவுடன் எழுதுவது. (பணிவு இந்த வரியோடு தீர்ந்தது.) இங்கே அம்மா நலம், அப்பா நலம், காற்று கொஞ்சம் கூடுதலாகவே நலம். அங்கே உங்கள் நலத்தையும் மீசையின் நலத்தையும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் வந்தது. நம் விமான நிலையத்தில் தீயணைப்பு வண்டிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தங்கை அதை மூன்று தடவை படித்துவிட்டு, "வேண்டவே வேண்டாம்னு மரியாதையா எழுதிப் போடுடி" என்றாள். காரணம் உங்கள் டிராம் அல்ல. (இருபத்திரண்டு வருடம் தண்டவாளத்தில் போனவருக்கு ஸ்டியரிங் எதற்கென்று தெரியுமா என்பது தனிக் கேள்வி.) காரணம் உங்கள் பெயர்.

கொள்ளுத் தாத்தா பந்தெலிஸுக்கு நான்கு மகன்கள். நால்வரும் வழக்கப்படி தங்கள் மூத்த பையனுக்குத் தங்கள் அப்பா பெயரையே வைத்தார்கள். ஒருவர் நீங்கள், கப்பலேறித் தப்பித்தீர்கள். மற்ற மூன்று பந்தெலிஸ் மாமாக்களும் இங்கே ஓடுபாதையைச் சுற்றித்தான் வண்டி ஓட்டுகிறார்கள். மூத்தவர் புல்வெட்டும் டிராக்டர், நடுவில் உள்ளவர் பெட்ரோல் லாரி, இளையவர் பெட்டி இழுக்கும் வண்டி. போன மாதம் அம்மா வாக்கி டாக்கியில், "பந்தெலி, ஓடுபாதையைக் கடக்கலாம்" என்று டிராக்டர்காரரிடம் சொன்னாள். மூன்று பேரும் "சரி" என்றார்கள், மூன்று பேரும் கடந்தார்கள். பெட்ரோல் லாரி நட்டநடுவில் இருந்தபோது ஏதென்ஸ் விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. அம்மா கத்திய கத்தலில் விமானி மூக்கைத் தூக்கி மேலே போய்விட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திருவிழாவுக்கு வந்துகொண்டிருந்த பிஷப்பின் தாடி முழுக்கக் காப்பி.

அதற்கப்புறம் ஏதென்ஸிலிருந்து கடிதம்: இரண்டு வாரத்தில் ஆய்வாளர் வருவார், அவர் கண்ணெதிரே ஒரு வண்டி அனுமதியில்லாமல் ஓடுபாதையில் ஏறினால்கூட அம்மா கோபுரத்தை விட்டு இறங்கி ஏதென்ஸில் ஏதோ ஒரு மேசைக்குப் போகவேண்டியதுதான். பதினெட்டு வருடமாக இந்தத் தீவின் வானத்தைக் கட்டி மேய்க்கிறவளுக்கு மேசையா? அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

விதிப்புத்தகம் சொல்வது சுலபம். வண்டிக்கு ஓர் எண் கொடு: ஒன்று, இரண்டு, மூன்று. அம்மாவும் கொடுத்துப் பார்த்தாள்.

"வயசுல மூத்தவன் நானு. நான்தான் ஒண்ணு."

"நான் பெட்ரோல் ஊத்தலேன்னா உன் விமானம் தள்ளிக்கிட்டா போகும்? ஒண்ணு நான்தான்."

"என்னைப் போயி மூணுங்கறீங்களே, எம் பொண்டாட்டி வீட்டுல சிரிப்பாங்கடா!"

ஆக, வாக்கி டாக்கியில் மூன்று ஒன்றுகள். ஒன்றை ஒன்றால் எத்தனை தடவை பெருக்கினாலும் ஒன்றுதான், தொல்லை மட்டும் மும்மடங்கு.

மறுநாள் மத்தியானம் ஊரே குறட்டை விடும் நேரம் பார்த்து, ஈஸ்டருக்குச் சுவரில் அடித்த சுண்ணாம்பில் மீந்ததை எடுத்துக்கொண்டு போனேன். கோபுரத்திலிருந்து தெரியும்படி வண்டிகளின் கூரை நிறையப் பெரிய எழுத்தில் எழுதினேன். டிராக்டர்: ஆமை. பெட்ரோல் லாரி: வெங்காயம் (அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்). பெட்டி வண்டி: சேவல், விடியாமலே கத்துவதால்.

அம்மா என் காதைத் திருகிக்கொண்டிருக்கும்போதே சாயங்கால விமானம் வந்துவிட்டது. மூவரும் வழக்கம்போல, அனுமதியில்லாமல் தாண்டக் கூடாத ஓடுபாதையோர மஞ்சள் கோட்டை நெருங்கினார்கள். எரிச்சலில் அம்மா என் காதை விட்டுவிட்டு வாக்கி டாக்கியைப் பிடித்தாள். "ஆமை, கோட்டுக்கு வெளியே நில்! வெங்காயம், நீயும் நில்!"

"யாரைப் பாத்து ஆமைங்கற அர்கிரோ? கோட்டுக்கு வெளியேதான் நிக்கிறேன், ஆனா நான் ஆமை இல்ல!"

"வெங்காயமும் வெளியே நிக்குது! உம் பொண்ணு அந்தக் கழுதையை வீட்டுல கட்டிப் போடு!"

மாமா, கவனித்தீர்களா? அதுவரை "சரி" என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசாதவர்கள், கோபத்தில் உத்தரவை முழுசாகத் திருப்பிச் சொன்னார்கள்! விதிப்புத்தகத்தில் அடிக்கோடிட்டிருப்பதே அதுதான். அம்மா என்னைப் பார்த்தாள், காதைத் தடவிக் கொடுத்தாள். கீழே வாளியோடு நின்றவர்களிடம், "எவனாவது சுண்ணாம்பைக் கழுவினான், கையை ஒடிப்பேன்" என்றாள்.

ஆய்வாளர் வந்த அன்று பேய்க்காற்று. வண்டிகளைப் பார்த்துக்கொண்டே புல்லோரம் நடந்தவரின் தொப்பி பறந்து, ஓடுபாதையைத் தாண்டி வேலியில் மாட்டிக்கொண்டது. விருந்தாளியின் தொப்பி போனால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? சேவல் மாமா வண்டியை முறுக்கினார். விமானமோ தேவாலய மணிக்கூண்டுக்கு மேலே.

"சேவல், கோட்டுக்கு வெளியே நில். இறங்கற விமானம்."

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. நான் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். வண்டி கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் குலுங்கி நின்றது.

"சேவல் கோட்டுக்கு வெளியே நிக்குது. இறங்கற விமானம், தெரியுது. தொப்பி பாவம் அர்கிரோ!"

விமானம் பூப்போல இறங்கி ஓரம் போனபிறகு, அம்மா அனுமதி கொடுத்து, அவரும் அதைத் திருப்பிச் சொல்லி, அப்புறம்தான் தொப்பி வந்தது. ஆய்வாளர் கோபுரமேறி அம்மாவிடம் கை கொடுத்தார். "பெரிய பெரிய நிலையத்துல கூட இவ்வளவு ஒழுங்கா யாரும் திருப்பிச் சொல்லிக் கேட்டதில்லைங்க. இந்த ஏற்பாடு யாரோடது?" அம்மா என் தோளில் கை போட்டு, "எங்க வீட்டு ஏற்பாடு" என்றாள். பக்கத்தில் நின்ற நான் கோபுரத்தை விட ஒரு சாண் உயர்ந்தேன்.

ஆகவே மாமா, இத்தனை பாடுபட்டுப் பிரித்து வைத்த கூட்டத்தில் நான்காவது பந்தெலிஸுக்கு இடமில்லை. டிராமிலேயே சுகமாக இருங்கள். உங்கள் பெயருக்குரிய புனித பந்தெலெய்மோன் உங்களையும் உங்கள் பிரேக்கையும் காக்கட்டும். மாமிக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
கோபுரத்தின் மகள்
ஃபோதினி

பி.கு.: உறையை ஒட்டும் முன் அம்மா கடிதத்தைப் படித்தாள். தொப்பி வந்த இடத்தில் சிரித்தாள், "இடமில்லை" வந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். "இடிக்கிறது பேருதானேடி? மாத்திட்டாப் போச்சு. எங்கண்ணனை வரச் சொல்லு" என்கிறாள். எனவே மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். இன்று மத்தியானமே தீயணைப்பு வண்டியின் கூரையில் எழுதிவிட்டேன். கப்பலேறிய அன்று துறைமுகத்தில் நீங்கள் அழுத அழுகைக்கு ஊர் வைத்த பெயர்தான்: குழாய். வந்து இறங்கியதும் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று.