அண்டா மறித்த சிக்னல்

வியாழக்கிழமை மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. அதற்குள் வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவி விட்டாக வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை துடைப்பத்தைக் கையால் தொடுவதில்லை என்று திருமுருகன் சபதமே எடுத்துவிட்டான். இலுப்பூர் கடைத்தெருவில் வாரம் முழுக்க உரமூட்டையோடு மல்லுக்கட்டுகிற மனுசன். கிடைக்கிற ஒரு நாளையும் ஒட்டடைக்குக் கொடுத்தால் அவன் எப்போதுதான் சுடுவது? வடை இல்லை. போன் விளையாட்டில், எதிராளியை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டி. போன இரண்டு ஆட்டத்திலும் நட்டநடுவில் நெட் போய், திருமுருகன் ஆணி அடித்த மாதிரி நின்று குண்டடிபட்டுச் செத்திருந்தான். குவைத்திலிருந்து ஆடும் அணித்தலைவன் ஜெபக்குமார் கறாராகச் சொல்லிவிட்டான்: "மாப்ள, இன்னொருவாட்டி நெட்டு போச்சுன்னா ஒன் எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவேன்." உரக்கடையில் காட்ட முடியாத வீரத்தையெல்லாம் திருமுருகன் அந்த அணியில்தான் காட்டிக்கொண்டிருந்தான். அதுவும் போனால் அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

மத்தியானச் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். எழுந்ததும் போனில் குவிந்து கிடந்த அறிவிப்புகளை வழக்கம்போல ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு விளையாட்டைத் திறந்தான்.

'இணைப்புப் பிழை. மீண்டும் முயலவும்.'

முயன்றான். மறுபடி அதே பிழை. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் அழியாத ரவுட்டரைப் பிடுங்கிச் செருகினான். பச்சை விளக்கெல்லாம் எரிந்தது. யூடியூப் ஓடியது, வாட்ஸப் ஓடியது, விளையாட்டு மட்டும் வரவில்லை. ஜெபக்குமாரைக் கேட்டிருக்கலாம். கேட்டால், 'திரும்பவும் நெட்டு போச்சா?' என்பான். வாயை மூடிக்கொண்டான்.

மனைவி செவந்தி வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, நெட்டு வரலையா?"

"கேம் விசயத்துல நீ வாயே தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"அதுல தொறக்கலங்க. அண்டா விசயத்துல தொறக்கலாமா?"

"எந்த அண்டா?"

"பரண்ல கெடக்கே, அந்தப் பித்தள அண்டா. உலோகம் இருந்தா சிக்னல மறிக்கும்னு நீங்கதான அன்னைக்குச் சொன்னீங்க?"

சொன்னான்தான். தான் சொன்ன ஒன்றைப் பெண்டாட்டி ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று அவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஏணியைப் போட்டான். அண்டா, தவலை, தகரப்பெட்டி எல்லாம் கீழே வந்தன. பரண் காலி. பிழை அப்படியே இருந்தது.

"பீரோவும் இரும்புதானங்க?"

பீரோவை அங்கிட்டு நகர்த்தினான். பின்னால் ஒரு சாக்குத் தூசி.

"அம்புட்டுத் தூசியும் ரவுட்டருக்குள்ள போனா சூடாகாது?"

துடைப்பம் அவன் கைக்கு எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. இது வீடு கூட்டுவதில்லை, ரவுட்டருக்குக் காற்றோட்டம் என்று சபதத்தைச் சமாதானப்படுத்தினான். மூலைக்கு மூலை ஒட்டடை அடித்தான். கேபிளில் உரசிய முருங்கைக் கிளையை வெட்டினான்.

"தரைய ரெண்டு தண்ணி ஊத்திக் கழுவி விட்டா ரூமு குளுகுளுன்னு ஆயிரும். சூடும் கொறையும்."

அதுவும் ஆயிற்று. இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்து போனைத் தொட்டான். மணி ஆறு.

விளையாட்டு திறந்தது!

"செவந்தி! கடைசில அந்தச் சூடுதான்டி!"

"நான்தான் சொன்னேன்ல," என்றாள் அவள்.

அன்று நெட் ஒருமுறைகூட அறுபடவில்லை. அணி ஜெயித்தது. அவன் இடமும் தப்பியது. திருமுருகனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, இடுப்புதான் நிமிரவில்லை. கடைசியில் ஜெபக்குமார் மைக்கில் வந்தான்.

"கலக்கிட்ட மாப்ள! கேம்காரய்ங்க ஆறு மணி வரைக்கும் சர்வரையே மூடி வச்சதும் நல்லதாப் போச்சு. நான் நிம்மதியாத் தூங்கி எந்திரிச்சேன். நீ என்ன பண்ணுன?"

திருமுருகன் மைக்கை அணைத்தான். பளபளவென்று கிடந்த தரையைப் பார்த்தான். பிறகு செவந்தியைப் பார்த்தான்.

"ஒனக்கு இது தெரியுமா?"

"மத்தியானம் நீங்க தூங்குறப்ப ஒங்க போன்ல வந்துச்சு. ஆறு மணிக்கு மேலதான் வேல செய்யுமாம்."

"ஏன் சொல்லல?"

"கேம் விசயத்துல வாயே தொறக்கக் கூடாதுன்னீங்களே."

செவந்தி காப்பியை அவன் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அந்த ஒட்டடக் கம்ப வண்டிலயே கட்டி வைங்க. அரிமளத்துல எங்கம்மா வீட்லயும் நெட்டு சரியில்லையாம்."