மீட்டர் தலைமேல் ஒரு குட்டி இரண்டு

மூன்று நாள் பயிற்சி எடுத்தவனைப் போல ஆபத்தான ஆள் கிடையாது. மூன்று வருஷம் படித்தவனுக்குச் சந்தேகமாவது வரும். எனக்கு வரவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்கம். மருந்து கம்பெனியில் ரெப்பாகச் சேர்ந்து, சென்னையில் பயிற்சி முடித்துக் காஞ்சிபுரம் திரும்பியிருந்தேன். பி.எம்.ஐ. என்ற பிரம்மாஸ்திரம் என் கையில் இருந்தது. எடையை உயரத்தால் வகுக்க வேண்டும். பதினெட்டரைக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் வந்தால் சரியான எடை, முப்பதைத் தொட்டால் உடல் பருமன். பையில் எந்நேரமும் டேப், கால்குலேட்டர், கணக்கு முறை அச்சடித்துக் கம்பெனி கொடுத்த அட்டை. (டை வேறு. பெண் பார்க்கப் போனபோதும் கழற்றவில்லை.)

பெண் வீடு பிள்ளையார்பாளையத்தில். கூடத்தில் பாதி தறிக்கு, மீதி எங்களுக்கு. பெண்ணின் அப்பா நெசவாளி. தறிக்குப் பின்னால் நின்றால் பாவு நூலில் ஒரு இழையாகக் கலந்துவிடுவார், அவ்வளவு ஒல்லி.

“மருந்து கம்பெனில இன்னா வேலைபா?” என்று மரியாதைக்குக் கேட்டார். பதில் சொல்லிவிட்டு பஜ்ஜி தின்றிருக்கலாம்.

“உங்க எடை எவ்ளோங்க?” என்றேன்.

சட்டைப் பையிலிருந்து பஸ் ஸ்டாண்டு எடை மெஷின் அட்டையை எடுத்து நீட்டினார். ஐம்பத்திரண்டு கிலோ. சுவரோரம் நிறுத்தி டேப் பிடித்தேன். ஒன்று புள்ளி ஆறு இரண்டு மீட்டர். கால்குலேட்டரைத் தட்டினேன். முப்பத்திரண்டு!

“ஐயா, உங்களுக்கு உடல் பருமன்.”

அவர் குனிந்து தன் வயிற்றைத் தேடினார். “எனக்கா?”

“வெளிய தெரியாதுங்க. உள்ளுக்குள்ள இருக்கும்.” (இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. சொந்தச் சரக்கு.)

“வேட்டியே இடுப்புல நிக்காத மனுசன்பா இவரு!” என்று பெண்ணின் அம்மா பதறினார். அவரையும் அளந்தேன். முப்பத்தொன்பது. அவ்வளவுதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரியையும் பஜ்ஜியையும் உள்ளே எடுத்துப் போய்விட்டார். என் அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அப்போதுதான் பெண் வெளியே வந்தாள். பி.எஸ்ஸி. கணக்கு, கடைசி வருஷம். “உங்க கம்பெனி அட்டையக் குடுங்க” என்று வாங்கி முழுதாகப் படித்தாள். “உங்களுக்கு எவ்ளோ வருது?”

எனக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை. எழுபது கிலோ, ஒன்று புள்ளி ஏழு மீட்டர். நாற்பத்தொன்று. அந்தக் கூடத்திலேயே பெரிய குண்டன் நான்தான்.

“மீட்டர் தலைமேல குட்டியா ரெண்டு போட்டிருக்குதே, அது இன்னாங்க?”

“அடிக்குறிப்பு நம்பருங்க. கீழ தேடிப் பார்த்தேன், குறிப்பு போட மறந்துட்டாங்க.”

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஸ்கொயருங்க அது! உயரத்த உயரத்தாலயே பெருக்கிட்டு, அப்புறம் வகுக்கணும்!”

புடவை டிசைன் போடும் கட்டத்தாளில் அவளே கணக்குப் போட்டாள். அப்பாவுக்குக் கிட்டத்தட்ட இருபது, சரியான எடை. எனக்கு இருபத்து நான்கு சொச்சம். அவள் அம்மாவுக்கு மட்டும் இருபத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே. “பயப்படாதமா. இத மட்டும் வெச்சு வியாதின்னு சொல்ல முடியாதாம். இடுப்புச் சுத்தளவு, பிபி, சுகர் எல்லாம் பாக்கணும்னு இதுலயே இருக்குது.” (என் அட்டையில்தான். எனக்கே புதுச் செய்தி.)

கேசரி திரும்பி வந்தது. “பயமுறுத்திட்டியேபா” என்று சொல்லிக்கொண்டே பெண்ணின் அப்பா இரண்டு முறை போட்டுக்கொண்டார். நான் டையைக் கழற்றிப் பையில் திணித்தேன்.

சம்பந்தம் போச்சு என்று வழியெல்லாம் அம்மா புலம்பினாள். மூன்றாம் நாள் சம்மதம் வந்தது. “என் பொண்ணு இப்டி சிரிச்சு நான் பாத்ததே இல்ல” என்றாராம் அப்பா.

அன்றிலிருந்து அந்த ஒல்லி மனிதருக்குக் குடும்பத்தில் ‘குண்டு மாமா’ என்று பெயர். எங்கள் மகளுக்கு அவர் ‘குண்டு தாத்தா’. ஒன்றாம் வகுப்பில் குண்டான ஒருவரை வரையச் சொன்னபோது, அவள் ஒரு குச்சி மனிதனை வரைந்து வைத்தாள். டீச்சர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார்.

“பாப்பாவுக்கு குண்டு எது, ஒல்லி எதுன்னு வித்தியாசமே தெரியலைங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: “அது அவங்க அப்பா வழில வந்தது டீச்சர்.”