நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் பனி

ஓபர்க்ராம்ஸ் ஊரில் பனி பெய்ததா இல்லையா என்பதை வானம் தீர்மானிப்பதில்லை. ஊராட்சி அலுவலகத்தின் பின்பக்கம் நட்டிருக்கும் அளவுகோல் தீர்மானிக்கிறது. அது நாற்பது சென்டிமீட்டர் காட்டினால் பனி உண்டு, சறுக்குமலைக்கு லிஃப்ட் ஓடும். காட்டாவிட்டால் பனி இல்லை. தினமும் காலை எட்டு மணிக்கு ஹோஃப்ராட் டாக்டர் ஓட்மார் கிரில் அவர்கள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வருவார், குனிவார், பார்ப்பார், எழுதிக்கொண்டு போவார். ஹோஃப்ராட் என்பது பெயரல்ல, பட்டம். அந்த நாட்டில் பட்டத்தை விட்டுவிட்டு ஒருவரைக் கூப்பிடுவதும் அவர் சட்டையைப் பிடித்து இழுப்பதும் ஒன்றுதான்.

அந்த டிசம்பரில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. லிஃப்ட்காரன் கஸ்ஸியான் தன் வீட்டு வாசலைத் தோண்டி எடுக்க ஜன்னல் வழியாகக் குதிக்க வேண்டியிருந்தது. ஆனால் அளவுகோலில் பூஜ்யம். காரணம், அந்தக் கோடையில்தான் அலுவலகத்தில் 'பசுமை வெப்பம்' என்ற புது மோஸ்தர்க் கொதிகலன் வைத்துத் தலைநகரிலிருந்து பாராட்டுப் பத்திரமும் வாங்கியிருந்தார்கள். அதன் புகைக்குழாய் நேராக அளவுகோலின் மேல் ஊதிக்கொண்டிருந்தது. கோலைச் சுற்றி டெய்சிப் பூ பூத்திருந்தது.

கஸ்ஸியான் நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். கோடையில் அவனுக்குப் பதினோரு மாடு, குளிர்காலத்தில் லிஃப்ட். இருபத்தாறாம் தேதிக்குள் லிஃப்ட் ஓடாவிட்டால் அவன் வேலை ரத்து. ரத்தானால் இன்ஸ்புரூக்கில் மெத்தைக் கடை வைத்திருக்கும் மச்சான் லாம்பர்ட்டிடம் போக வேண்டும். அங்கே என்ன வேலை தெரியுமா? கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ராத்தூக்கச் சட்டை போட்டுக்கொண்டு, தெருவே பார்க்க, மெத்தையில் சுகமாகப் படுத்துக் காட்ட வேண்டும். அதற்கு மலையிலிருந்து உருண்டு செத்துவிடலாம் என்பது கஸ்ஸியானின் கட்சி.

"ஹோஃப்ராட் ஐயா, கொஞ்சம் ஜன்னல் வழியா பாருங்க. இடுப்பளவு கெடக்கு."

"பாக்கறேன் கஸ்ஸியான். ரொம்ப அழகா இருக்கு. ஆனா அது வெறும் அழகுதான். பனின்னா கோல்ல இருக்கணும்."

"அப்ப கோலை வேற எடத்துல நட்டா?"

ஹோஃப்ராட் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். "கோலானது ஊர் எல்லைக்குள், நிழலில், காற்றடிக்காத இடத்தில், அலுவலர் எளிதில் சென்றுவரும் வண்ணம் நிறுவப்படல் வேண்டும்."

"மேல வானம் தெரியணும்னு போட்டிருக்கா?"

அவர் பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பினார். "இல்லை," என்றார் வருத்தமாக.

கஸ்ஸியான் நேராக இறைச்சிக் கடை நோட்புர்காவிடம் ஓடினான்.

"அக்கா, உன் குளிர் அறையில ஒரு கோல் நடணும்."

"பன்னித் தொடைக்குப் பக்கத்துலயா? நட்டுக்கோ. ஆனா அந்த ஹோஃப்ராட்டு பாக்க வர்றப்பல்லாம் ஒரு மொழம் சாசேஜாவது வாங்கிட்டுத்தான் போகணும், சொல்லிப்புட்டேன்."

கஸ்ஸியான் பால் கேனில் பனியை அள்ளிக்கொண்டு வந்து கோலைச் சுற்றிக் கொட்டினான். ஹோஃப்ராட் மேல்கோட்டோடு குளிர் அறைக்குள் நுழைந்தார். நிழல் இருந்தது. காற்று இல்லை. சென்றுவர எளிது. பனி நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்.

"இது எங்கேருந்து வந்துது?"

"மேலேருந்துதான் ஐயா."

அதற்குமேல் கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை. இனி இந்தப் பனியில் ஒரு கரண்டி சேர்ப்பதும் எடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம் என்று அறிவித்து, சுற்றிலும் கயிறு கட்டி அரக்கு முத்திரை வைத்தார். இருபத்தாறாம் தேதி காலை லிஃப்ட் ஓடியது. கஸ்ஸியான் சந்தோஷத்தில் தெரியாதவர்களுக்கெல்லாம் கை கொடுத்தான்.

ஏப்ரல் வந்தது. மலையில் பனி உருகியது. மே மாதம் சரிவெல்லாம் பச்சைப் புல். குளிர் அறையில் நாற்பத்து மூன்று. லிஃப்ட் ஓடியது.

முதலில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஓட்டல்காரர்கள் விட்டார்களா? 'வெறுந்தரைச் சறுக்கு, முழங்காலுக்கு நல்லது' என்று பலகை மாட்டினார்கள். அவ்வளவுதான், நகரத்துச் சனங்கள் வரிசை கட்டினார்கள். பனியில் சறுக்குவது பாட்டன் காலத்துப் பழக்கம் என்றார்கள். பின்பக்கம் புல்கறையோடு திரும்பினால்தான் மதிப்பு. சறுக்கத் தெரியாதவர்களுக்காகக் கறை போட்டே தைத்த கால்சட்டை கடைக்கு வந்தது. மச்சான் லாம்பர்ட்கூட ஒன்று வாங்கினான்.

ஜூனில் கஸ்ஸியான் மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டினான். ஹோஃப்ராட் நடுவழியில் கையைக் குறுக்கே நீட்டினார்.

"சறுக்குப் பாதையில மாடா? எதுக்கு?"

"புல்லு தின்ன ஐயா."

"நாப்பத்து மூணு சென்டிமீட்டர் பனிக்கு அடியில இருக்கற புல்லை மாடு எப்படித் திங்கும்?"

"உங்க பூட்சு மேல என்ன ஐயா ஒட்டியிருக்கு?"

ஹோஃப்ராட் குனிந்து பார்த்தார். "இதப் பத்தி எனக்குத் தகவல் எதுவும் வரலை," என்றார். பிறகு மனமிரங்கினார். "பாதையைச் சமன் பண்ற வண்டிகளுக்கு மட்டும் அனுமதி உண்டு. அதுக்கு எச்சரிக்கை மணி இருக்கணும். உன் மாட்டுக்கு?"

"கழுத்துலயே இருக்கு."

பதினோரு வண்டிகள் பதிவாயின. அவை கோடை முழுக்கப் பாதையைத் தின்று சமன் செய்தன. ஊரே கொழித்தது. நோட்புர்காவின் சாசேஜ் கிலோமீட்டர் கணக்கில் போயிற்று. கஸ்ஸியானுக்கும் அந்தப் பொய் பழகிப்போய்விட்டது. யார் வந்து பனி எப்படி என்று கேட்டாலும், புல்லில் நின்றுகொண்டே, தூக்கத்தில் எழுப்பினால்கூடச் சொல்வான்: "நாப்பத்து மூணு சென்டிமீட்டர். தூள் பனி."

மறுபடி டிசம்பர். இருபதாம் தேதி, ஐம்பது வருஷத்தில் காணாத பனி. கஸ்ஸியான் கன்னத்தில் பனி விழ விழச் சிரித்தான். இனிப் பொய்யே வேண்டாம், நிஜப் பனி வந்துவிட்டது.

அந்த நிஜப் பனியின் கனத்தில் மின்கம்பி அறுந்தது. ஐந்து நாள் கரண்ட் இல்லை. நோட்புர்கா பன்றித் தொடைகளைத் தூக்கி வெளியே பனியில் புதைத்துக் காப்பாற்றிவிட்டாள். முத்திரை வைத்ததைத் தொட அவளுக்கு அதிகாரம் இல்லை. கடை அடுப்பு ஒருபக்கம் எரிய, இருபத்தாறாம் தேதி காலை ஹோஃப்ராட் வந்தபோது கோலின் அடியில் குட்டையாகத் தண்ணீர் நின்றது.

"பூஜ்யம்," என்று எழுதினார். "பனி இல்லை. லிஃப்டை நிறுத்து."

"ஐயா, நீங்களே கழுத்தளவு பனியில நீந்தித்தானே வந்தீங்க."

"அது என் சொந்த அனுபவம். அலுவல் இல்லை."

"நாலு கேன் பனி, அஞ்சு நிமிஷம். கொட்டிடறேன் ஐயா."

"முத்திரையை மறந்துட்டியா? போ, போயி மாட்டை அவிழ்த்து விடு. மேய்ச்சல் காலம் வந்துடுச்சு."

கஸ்ஸியானின் வேலை ரத்தானது; ஊர் அவனுக்காக வருத்தப்பட்டது. கூடவே, வெள்ளையாக ஏதோ விழுந்து நல்ல சறுக்குப் பாதையை மூடிவிட்டது என்று வந்தவர்கள் புகார் எழுதினார்கள்.

ஜனவரியில் ஒருநாள் ஹோஃப்ராட் டாக்டர் ஓட்மார் கிரில் அவர்கள் முதுகுவலிக்கு மெத்தை வாங்க இன்ஸ்புரூக் போனார். கண்ணாடிக்குப் பின்னால் கோடு போட்ட ராத்தூக்கச் சட்டையில் ஓர் ஆள் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தான். அவர் உள்ளே போய், குனிந்து, மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இது எப்படி இருக்கு?" என்றார்.

கண்ணைத் திறக்காமலே அவன் சொன்னான்:

"நாப்பத்து மூணு சென்டிமீட்டர் ஐயா. தூள் பனி."

ஹோஃப்ராட் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுதிக்கொண்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓபர்க்ராம்ஸில் லிஃப்ட் ஓடியது.