துஷ்டி வீட்டு வாசலில் நின்றுபோன கார்

கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு ஏற்ற இடம் இந்த உலகத்தில் துஷ்டி வீடு, அதாவது சாவு வீடு, ஒன்றுதான். கல்யாண வீட்டில் சிரிக்க வேண்டும், சாப்பாடு எப்படி என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும், கிளம்பும்போது ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டும். துஷ்டி வீட்டில் பேசாமல் கை கொடுத்துவிட்டு, குனிந்து உட்கார்ந்திருந்து, சொல்லாமல் எழுந்து போய்விடலாம். 'போயிட்டு வாரேன்' என்று சொன்னால்தான் தப்பு. எனக்காகவே யாரோ யோசித்து வைத்த வழக்கம் என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு இடத்தையும் என் கார் கெடுத்தது.

என் மனைவி செண்பகத்தின் பெரியப்பா கல்லிடைக்குறிச்சியில் இறந்துபோனார். எங்களுக்குச் சொல்லிவிடவில்லை. எங்கள் புதுவீட்டுப் பால் காய்ப்புக்கு நான் நேரில் போய் அழைக்கவில்லை (பத்திரிகையைப் படம் பிடித்துப் போனில் அனுப்பினேன்) என்று, பெரியப்பாவின் மகன், அதாவது என் மச்சான், அப்போதே பேச்சை நிறுத்தியிருந்தார். எல்லாம் முடிந்த மறுநாள் யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

"இப்பம் போகலன்னா பொறந்த வீடே எனக்கு அத்துப்போவும்" என்றாள் செண்பகம். அவளுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மிச்சமிருந்தது அந்த வீடுதான்.

"பஸ்ல போவமே."

"காரை வச்சுக்கிட்டு பஸ்ல போனா அதுக்கும் ஒரு பேச்சு வரும்."

கார் என்று அவள் சொன்னது, என்னைப் போலவே வயதாகிவிட்ட ஒரு பெட்ரோல் வண்டி. ஓடினால் கொதிக்கும். கொதித்தபின் நிறுத்தினால் மறுபடி எடுக்காது. பேட்டையில் பட்டறைக்காரர் சொல்லியிருந்தார்: "சூட்டுல பெட்ரோல் ஆவியாயிருது அண்ணாச்சி. பம்பு மேல ஈரத்துணியைப் போட்டுட்டுப் பைய இருங்க. ஆறுனா தன்னால எடுக்கும்." (முதலில் ஏன் கொதிக்கிறது என்று கேட்க எனக்குக் கூச்சம்.)

வீரவநல்லூர் தாண்டும்போதே சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஹீட்டரைப் போட்டால் எஞ்சின் சூடு குறையும் என்று எங்கோ கேட்டிருந்தேன். சித்திரை வெயிலில் ஹீட்டரைப் போட்டேன். துஷ்டி வீட்டை எட்டும் முன்பே செண்பகத்தின் முகம் முழுக்க நனைந்துவிட்டது.

அவள் உள்ளே போய் மதினியைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் பந்தலில் மச்சானுக்குக் கை கொடுத்தேன். மொட்டைத் தலையோடு இருந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் விரல் நுனியை மட்டும் கொடுத்தார். அதற்குமேல் அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. வண்டி ஆறியிருக்காது என்று தெரியும். தெரிந்தும் செண்பகத்துக்குக் கண்ணைக் காட்டி, சொல்லாமல் எழுந்துவிட்டேன்.

சாவியைத் திருப்பினால் 'கர்ர்ர்' என்றது. அவ்வளவுதான். பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கிளம்பிய பிறகு திரும்பி உள்ளே போகவும் முடியாது. அடுப்புக்குள் இருப்பது போல் காருக்குள் இருந்தோம்.

"உன் கைக்குட்டையைத் தா" என்றேன்.

"எதுக்கு?"

"ஈரமாத்தானே இருக்கு."

அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. கைக்குட்டையைப் பம்பு மேல் போட்டேன். அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். நேற்றிலிருந்து குனிந்தே இருந்தவர்களுக்கு நிமிர ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

"இக்னிஷன் காயில் சூடாயிருக்கும் வே."

"ஏலே, காயில் இல்ல. பெட்ரோல் ஏறல."

"ரேடியேட்டர் மூடியத் திறந்து தண்ணிய ஊத்தும்."

"திறந்துராதியும், மூஞ்சி வெந்துரும்! ஒரே தள்ளு தள்ளுவோம்."

தள்ளினார்கள். கண்ணாடியில் பார்த்தேன். தள்ளுகிறவர்களுக்கு நடுவில் ஒரு மொட்டைத் தலை. "ரெண்டாவது கியர்ல போடும் வே!" பால் காய்ப்புக்குப் பிறகு மச்சான் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். போட்டேன். எஞ்சின் குலுங்கிப் பிடித்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தலையை வெளியே நீட்டி, வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஊர் கேட்கச் சத்தமாகச் சொன்னேன்:

"ரொம்ப சந்தோசம் மச்சான்! போயிட்டு வாரோம்!"

கண்ணாடியில், தள்ளிய கைகள் எல்லாம் அப்படியே அந்தரத்தில் நின்றன.

செண்பகம் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "காரை நிறுத்துங்க. நான் எறங்கி ஆத்துல போயி விழுதேன்."

"நிறுத்துனா எடுக்காது" என்றேன்.

நிறுத்தத் தேவையிருக்கவில்லை. தெருமுனையில் அதுவே நின்றது. முன்பக்கம் புகையாக ஆவி. பாட்டிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மற்ற வீடுகளெல்லாம் சாத்திக் கிடந்தன. திறந்திருந்தது அந்த ஒரு வீடுதான். காலிப் பாட்டிலோடு அந்தத் தெருவில் நான் நடந்த நடையை, தூக்குக்குப் போகிறவன்தான் நடந்திருப்பான்.

பந்தலுக்குள் நுழைந்தேன். மச்சான் என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொன்னபடி வந்துட்டீரு, என்ன?"

நான் பாட்டிலைப் பார்த்தேன்.

"பால் காய்ப்புக்கு அழைக்க ஒரு தடவ வர முடியல. துஷ்டிக்கு ரெண்டு தடவ வாரீரு வே!"

யாரோ ஒருவர் அடக்கமாட்டாமல் துண்டை வாயில் அழுத்தினார். பிறகு பந்தலே குலுங்கியது. உள்ளே பெரியம்மை, புருஷனைப் பறிகொடுத்தவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடி அழுதாள். பிறகு மகனிடம் சொன்னாள்: "ஏலே, அந்தப் பிள்ளை வெயில்ல கெடக்காளே. ரெண்டு பேரையும் உள்ள கூப்பிடு. வண்டி ஆறட்டும்."

வண்டி ஆறச் சாயங்காலம் ஆனது. அதுவரை செண்பகம் பெரியம்மையின் மடியில் படுத்திருந்தாள்.

ரேடியேட்டரை ஆற்ற முன்னால் இருந்த விசிறி சுற்றவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. காரை விற்றுவிட்டோம். இப்போது கல்லிடைக்குறிச்சிக்குப் பஸ்ஸில்தான் போகிறோம். ஆனாலும் நான் தெருவில் திரும்பும்போதே மச்சான் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிடுவார்: "ஒரு வாளித் தண்ணியும் ஈரத்துணியும் எடுத்து வாசல்ல வைங்க. மாப்ள வாராரு."