பேய்க்கு ரீடிங் எடுத்தவர்

காரைக்குடி வட்டாரத்தில் பேய் இல்லாத பெரிய வீடு ஒன்று இருந்தால், அங்கே ரீடிங் அண்ணன் ஒருமுறை வந்து போயிருக்கிறார் என்று பொருள்.

முப்பது வருடம் வீடு வீடாகக் கரண்டு ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். ஊரே அண்ணன் என்றழைக்கும். வயதில் மூத்த நான் மட்டும் "என்னப்பா" என்பேன். ஓய்வுக்குப் பிறகு பேய் ஆராய்ச்சி. கருவிகள்: ஒரு டெஸ்டர், ஒரு ஸ்டூல், ரீடிங் குறிக்கும் பழைய வெள்ளை அட்டைகள். வேலை நேரம் காலை பத்து முதல் ஐந்து.

"பேய் ராத்திரிதானப்பா வரும்?"

"பகல்ல எங்குட்டாவது இருந்துதானே ஆகணும் சார்?"

பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்கக் கேள்வி கேட்ட வாத்தியார் நான். என்னையே கேள்வி கேட்டார்.

கண்டரமாணிக்கத்தில் அழுதுகொண்டிருந்த பேயை, குழாய்க்கு வாஷர் மாற்றி அமைதிப்படுத்தினார். காளையார்கோவில் பக்கம் ஒரு மாடியில், 'வௌவால், சுமார் நாற்பது. அனுமதி பெறாத குடியிருப்பு' என்று எழுதி ஒட்டினார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். எங்கள் தெருப் பேய் விஷயத்தில் மட்டும் நான் குற்றவாளி.

என் வீட்டை ஒட்டிய பெரிய வீடு பதினொரு பங்காளிகளுக்குப் பொது. ஒரு காலத்தில் அங்கே சினிமா ஷூட்டிங் ஓயாது. நான் அரையாண்டு விடைத்தாள் திருத்தும்போது, ஒரே பாட்டை மூன்று நாள் அலறவிட்டார்கள். பொறுக்காமல் போய், முகப்பில் நின்ற மேனேஜரிடம் சொன்னேன்: "ரெண்டாங்கட்டுல செத்துப்போன ஆச்சி ஒண்ணு நடக்கும். காலடிச் சத்தம் கேட்டா திரும்பிப் பாத்துராதீக."

மறுநாள் வேன் கிளம்பிவிட்டது. விடைத்தாள் முடிந்தது. பொய் முடியவில்லை; ஊரெல்லாம் பரவியது.

அந்த வீட்டு வளவில், அதாவது முதல் கட்டு முற்றத்தில், தாலி கட்டுவதுதான் பங்காளிகள் வழக்கம். பேய்க்குப் பயந்து ஒவ்வொருவராக மண்டபத்துக்குப் போனார்கள். போன வருடம் தன் மகள் கல்யாணத்தை அங்கே வைக்கப் பங்குக்காரரான அழகம்மை ஆச்சியும் தயங்கவே, "கல்யாணம் நடக்காத வீடு எதுக்கு? இடிச்சுத் தேக்குத் தூணையாவது விப்போம்" என்றார்கள் பங்காளிகள். ஆச்சி கடைசி முயற்சியாக ரீடிங் அண்ணனை அழைத்தார். அவரோ, "சாட்சி இல்லாம ரீடிங் எடுக்கக் கூடாது" என்று என்னையும் இழுத்துக்கொண்டார்.

பூட்டிய அறை ஒவ்வொன்றையும் தட்டி, "கரண்டு ரீடிங்!" என்று குரல் கொடுத்தார். மூன்று எண்ணும்வரை பொறுத்து, 'கதவு பூட்டி' என்று எழுதினார். தூண்களுக்கெல்லாம் டெஸ்டர் வைத்தார். ஆச்சியின் வளையலுக்கும் வைத்தார்.

"எனக்கு எதுக்குங்கிறேன்?"

"யாரையும் விடக் கூடாது ஆச்சி. அதான் ரூல்."

இரண்டாம் கட்டுக்கு ஆச்சி வரவில்லை; நாங்கள் இருவர் மட்டும் போனோம். என் நெற்றியில் டெஸ்டரை வைத்தார்.

"எரியல சார். ஆனா வேர்த்துக் கொட்டுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த மேனேஜர்ட்ட நீக கதை சொன்னப்ப, உங்க தலைக்கு மேல ஸ்டூல்ல நின்னு ரீடிங் எடுத்துக்கிட்டு இருந்தேன்."

மீட்டர் பார்ப்பவரை யார் பார்க்கிறார்கள்?

"இத்தனை வருஷம் ஏம்ப்பா சொல்லல?"

"ஒரு வீட்டுல கேட்டத அடுத்த வீட்டுல சொன்னா, எவன் சார் என்னைய உள்ள விடுவான்? பேய் போயிருச்சுன்னு நான் எழுதிருவேன். போனது திரும்பி வந்துருமோன்னு இவுக பயப்படுவாக. இருந்ததே இல்லன்னு நீகதான் சொல்லணும்."

முகப்புக்கு வந்து ஆச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டாம் கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"எம்புட்டு வருஷம் இங்குட்டு வராமலே இருந்துட்டேன் சார்," என்றார். "கல்யாணத்துல மூணு நாளும் நீகதான் பந்தி பாக்கணும். உங்க காலடிச் சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

வீடு தப்பியது. மூன்று நாள் வளவுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்ததில் என் கால் வீங்கியது. நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. முகப்பு மீட்டருக்குக் கீழே அட்டை தொங்கியது: 'பேய்: இல்லை. சாட்சி: பக்கத்து வீட்டு சார்.'

கடைசிப் பந்தியில் ரீடிங் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். கவுனரிசி இனிப்பும் கரண்டியுமாக அவர் இலை முன் குனிந்து கேட்டேன்.

"இன்னுங் கொஞ்சம் வைக்கவாண்ணே?"