இன்னும் ஒரு பாஸ்

உலகத்தில் தாராள மனத்தார் என்றோர் இனம் உண்டு. காசில் அல்ல, அதில் கெட்டி. பொறுப்பு என்று ஒன்று தங்கள் கைக்கு வந்துவிட்டால், அதைப் பக்கத்தில் நிற்பவனுக்குத் தானம் செய்யாதவரை இவர்களுக்குச் சோறு இறங்காது. இந்த இனத்தின் அசல் மாதிரி வேண்டுமா? அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் எங்கள் எல்க் பெண்ட் கல்லூரிக்கு வாருங்கள். கூடைப்பந்து அணியின் கேப்டன், கடைசி வருட மாணவன், டரெல் விட்கம்.

ஆளில்லாத அரங்கில் டரெல் கொட்டாவி விட்டுக்கொண்டே எறிந்தாலும் பந்து கூடைக்குள் விழும். மற்ற நால்வரும் லேசுப்பட்டவர்கள் அல்ல. அதுதான் வம்பு. ஆரம்பத்தில் பந்து கிடைத்தவன் கூடையைப் பார்த்தான், கிடைக்காதவன் கூரையைப் பார்த்தான். வெறுத்துப்போன கோச் பர்டிக் ஒரு விதி போட்டார்: உன்னைவிட வசதியான இடத்தில் ஒருவன் நின்றால் அவனுக்குக் கொடு. கொடுத்தவனுக்கு, மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் ஓரத்துப் பெஞ்சு முழுவதும் எழுந்து கைதட்டி, "இன்னும் ஒண்ணு" என்று கத்தும்.

கோச் கொடுத்தது ஒற்றுமைக்கு மருந்து. டரெல் குடித்தது பயத்துக்கு. இரண்டு ஆட்டங்களில் கடைசி எறிதலைத் தவறவிட்டிருந்தான். காப்பி ஊற்ற வந்த ஓட்டல்காரம்மா, "நல்ல பையன்தான், பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனது இன்னும் காதில் இருந்தது. எறிந்து தவறினால் பாவம், கொடுத்துவிட்டால் கைதட்டல். எந்தப் பைத்தியக்காரன் எறிவான்?

வந்தது வட்டாரப் போட்டியின் இறுதி ஆட்டம். ஜெயித்தால் மார்ச் மாதத் தேசியப் போட்டி; கல்லூரி அங்கே காலெடுத்து வைத்ததே இல்லை. டரெலுக்கு இதைவிட்டால் வேறு வருடமும் இல்லை. ஒரு புள்ளி பின்தங்கல், சில விநாடிகள் பாக்கி, பந்து டரெலிடம். அவனை மறித்தவன் வழுக்கி விழுந்து கிடந்தான். முன்னால் ஒரு லாரியைத் திருப்பலாம், அவ்வளவு இடம்.

"கோல்பி, நீ எறி மாப்ள. உன் இடம் இன்னும் சூப்பர்" என்று டரெல் பந்தைத் தள்ளிவிட்டான்.

"ஐசேயா, உனக்குத்தான்டா கை ராசி."

"கேப்டன் இருக்கும்போது நான் எப்படிடா?"

சர்ச் விருந்தில் மிஞ்சிய கடைசித் துண்டு கேக்கை ஆளாளுக்கு நகர்த்துவார்களே, அந்த மரியாதையோடு பந்து ஊர்வலம் போய் மறுபடி டரெலிடமே வந்தது. இப்போதும் முன்னால் எவனும் இல்லை. கோச் தொண்டை கிழிய, "எறிடா" என்றார். டரெல் கூடையைப் பார்த்தான். ஓட்டல்காரம்மா முகம் தெரிந்தது. மூலையில் நின்றவனுக்குக் கொடுத்தான். பந்து பாதி வழியில் இருக்கும்போது ஆட்டம் முடிந்த மணி அலறியது.

பழக்கதோஷம், பெஞ்சு கைதட்டியது.

உடைமாற்றும் அறையில் டரெல் கனத்த குரலில் சொன்னான்: "ஒரே டீமா ஆடினோம். ஒரே டீமா தோத்தோம்."

"நீ எறிஞ்சிருந்தா?" என்றான் கோல்பி.

"அது சுயநலம்டா."

கோச் நிமிராமலே சொன்னார்: "வெளியில பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க. ஏன் தோத்தோம்னு கேப்டன்தான் போய்ச் சொல்லணும்."

"கோல்பி என்னைவிட நல்லா பேசுவான் கோச்."

சிரிக்கிறீர்கள். "அச்சு அசல் நம்ம ஆளுதான், இதை அவனுக்கு அனுப்பியே ஆகணும்" என்று இதற்குள் ஒரு பெயர் உங்கள் மனத்தில் வந்திருக்குமே? பந்து உங்களிடம் வந்தது. எவ்வளவு அழகாக அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.